வெட்டுவதா, கரண்ட் பிடிப்பதா? புற்றுநோய்ச் சிகிச்சையைத் தீர்மானிப்பவர் யார்?

கொஸ்லந்தயிலிருந்து மஹரகமைக்குச் செல்வதற்கு வீதி மாற வேண்டிய அவசியமில்லை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழியாக வெல்லவாயவை நோக்கிச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலை, அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை அமைந்துள்ள மஹரகம நகரையும் ஊடறுத்துச் செல்கின்றது. தியலும நீர்வீழ்ச்சிக்குச் சற்று முன்னதாகக் கொஸ்லந்தயையும் தொட்டுச் செல்கின்றது. ஒரே வீதியின் இரு முனைகள். இடைத்தூரம் ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர். ஆயினும் வாயில் ஆறாத புண்ணுடன் ஒரு தோட்டத் தொழிலாளி அவ்வீதியில் பஸ் ஏறும்போது, அவரது பயணம் கிலோமீற்றர்களால் அளக்கப்படுவதில்லை. தோட்ட மருந்தகம், கொஸ்லந்த வைத்தியசாலை, தியத்தலாவை, பதுளை, மஹரகம என்று ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு, ஒரு திகதி, ஒரு புதிய முகம் என்று அது நீள்கின்றது.

இப்பயணத்தின் நடுவே நோயாளியின் குடும்பத்தினர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, அப்பாவுக்கு வெட்டுவதா, கரண்ட் பிடிப்பதா?" கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு எமது மக்கள் வைத்திருக்கும் பெயர் 'கரண்ட் பிடித்தல்' என்பதாகும். ஒரு டொக்டர் வெட்டவேண்டும் என்கின்றார், மற்றவர் கரண்ட் போதும் என்கின்றார், மூன்றாமவர் மருந்தேற்றிப் பார்ப்போம் என்கின்றார். யாரை நம்புவது என்பதே அவர்களது தவிப்பு. இதற்குரிய விடை ஒரு தனி வைத்தியரிடம் இல்லை என்பதையும், அது ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் பலரிடமிருந்து ஒன்றாகப் பிறக்க வேண்டியது என்பதையும் வாசகர்களுக்கு விளக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

இலங்கையில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் நீண்டகாலமாகவே முன்வரிசையில் உள்ளது. பெண்களிடையே முதலிடம் மார்புப் புற்றுநோய்க்கு உரியது. வாய்ப்புற்றுநோயின் காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்னும் கூட்டணியே பிரதான குற்றவாளி. புகையிலை மாத்திரமே கெடுதி, வெறும் பாக்கு குற்றமற்றது என்று பலர் இன்றும் நம்புகின்றனர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பில், பாக்கையும் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாகவே ஐயத்துக்கிடமின்றி வகைப்படுத்தியது. அதிகாலைக் குளிரில் மலையேறும் தொழிலாளிக்கு வெற்றிலை பசியையும் குளிரையும் மறக்கச் செய்யும் துணை. எமது திருமண வீடுகளில், தமிழர் வீடாயினும் முஸ்லிம் வீடாயினும், அது மரியாதையின் அடையாளம். ஆகவே இதனை வெறும் தீய பழக்கம் என்று அதட்டிவிட்டுப் போவது எளிது, பயன் குறைவு.

முன்னைய காலத்தில் புற்றுநோயாளியின் விதி அவர் முதலில் எந்த வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தார் என்பதிலேயே பெரிதும் தங்கியிருந்தது. சத்திரசிகிச்சை நிபுணரிடம் சென்றவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது, கதிர்வீச்சு நிபுணரிடம் சென்றவருக்குக் கதிர்வீச்சு கிடைத்தது. இதில் யாருடைய நேர்மையையும் குறைகூற முடியாது. தச்சன் மரத்தைப் பார்ப்பதும் கொல்லன் இரும்பைப் பார்ப்பதும் இயல்பே. ஆனால் நோய்க்கு அந்த வேறுபாடு தெரியாது.

இந்நிலையை மாற்றியமைத்ததில் பிரிட்டனில் 1995 ஆம் ஆண்டு வெளியான கல்மன்-ஹைன் அறிக்கைக்குப் பெரும் பங்குண்டு. அங்கு ஒரே நோயுடையவர்களுக்கு ஊருக்கு ஊர் வேறுபட்ட சிகிச்சையும் வேறுபட்ட விளைவும் கிடைத்து வந்ததை அடுத்து எழுதப்பட்ட அவ்வறிக்கை, பல துறை நிபுணர்கள் இணைந்த குழுக்களே புற்றுநோயாளிகளைப் பொறுப்பேற்க வேண்டுமென வற்புறுத்தியது. அதே காலப்பகுதியில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பிரதேசத்தில் மார்புப் புற்றுநோய்க்கு இம்முறை கொண்டுவரப்பட்டது. அயற்பிரதேசங்களில் பழைய முறையே தொடர்ந்தது. பின்னர் 13,722 பெண்களின் பதிவுகளை ஒப்பிட்டு, 2012 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றின் முடிவு சிந்திக்க வைப்பது. புதிய முறைக்கு முன்னர் கிளாஸ்கோவில் மார்புப் புற்றுநோய் மரணம் அயற்பிரதேசங்களைவிட 11 வீதம் கூடுதலாக இருந்தது. குழு முறை வந்த பின்னர் அது 18 வீதம் குறைவாகியது. அத்தகைய ஒப்பீட்டில் வேறு காரணங்களும் கலந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. இருப்பினும் ஒரு புதிய மருந்து இத்தகைய பலனைத் தந்திருந்தால் அது உலகெங்கும் தலைப்புச் செய்தியாகியிருக்கும்.

அக்கூட்டத்தில் என்னதான் நடக்கின்றது? ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கொஸ்லந்தப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த ஐம்பத்தைந்து வயதுத் தொழிலாளி ஒருவருக்கு நாக்கின் பக்கவாட்டில் இரண்டு மாதங்களாக ஆறாத புண் என்று வைத்துக்கொள்வோம். சிறு துண்டு வெட்டியெடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரியவந்துள்ளது. ஸ்கேன் எடுக்கப்பட்டுள்ளது.

மேசையைச் சுற்றி வாய், தாடை, முகச் சத்திரசிகிச்சை நிபுணர் இருப்பார். கதிர்வீச்சுக்கும் மருந்தேற்றலுக்கும் பொறுப்பான புற்றுநோய் நிபுணர் இருப்பார். படங்களை வாசிக்கும் கதிரியக்கவியல் நிபுணரும், திசுக்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் நோயியல் நிபுணரும் இருப்பார்கள். நோயாளி இவ்விருவரையும் வாழ்நாளில் ஒருமுறையேனும் காணமாட்டார். ஆயினும் கூட்டத்தின் முதற் சொல் பெரும்பாலும் இவர்களுடையதே. புண்ணின் அகலத்தைவிட அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கின்றது என்பதே முக்கியம். 2018 முதல் நடைமுறைக்கு வந்த உலகளாவிய நிலைப்படுத்தல் முறையில் ஆழமும் ஓர் அளவுகோலாகச் சேர்க்கப்பட்டுள்ளது. 5 மில்லிமீற்றர், 10 மில்லிமீற்றர் என்னும் எல்லைகளைத் தாண்டும்போது நோயின் நிலை மாறுகின்றது. வெளிப்பார்வைக்கு அற்பமாகத் தெரியும் புண் உள்ளே வேரோடியிருக்கக் கூடும். அதனைக் கண்டு சொல்பவர் கத்தி பிடிப்பவர் அல்லர்.

அடுத்து கழுத்து. கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. அப்படியாயின் நாக்கை மாத்திரம் சரிசெய்துவிட்டுக் கழுத்தைக் கவனித்திருக்கலாமா, அல்லது கழுத்தின் நிணநீர்க் கணுக்களையும் அதே சத்திரசிகிச்சையில் அகற்றிவிடுவதா? உலகம் பல தசாப்தங்களாக வாதிட்ட இவ்வினாவுக்கு விடை கண்டவர்கள் மும்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையினர் என்பது எமது பிராந்தியத்துக்குப் பெருமை தருவது. டொக்டர் அனில் டி குரூஸ் தலைமையில் நடந்து 2015 இல் வெளியான அந்த ஆய்வில், 500 நோயாளிகளின் முடிவுகள் ஆராயப்பட்டன. ஆரம்பத்திலேயே கழுத்துக் கணுக்களும் அகற்றப்பட்டவர்களில் 80 வீதத்தினர் மூன்றாண்டுகளின் பின் உயிருடன் இருந்தனர். கட்டி தோன்றும்வரை காத்திருந்து அகற்றப்பட்டவர்களில் அது 67.5 வீதம். எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் உயிர் வேறுபாடு. கூட்டத்தில் இவ்வாய்வை அறிந்த ஒருவர் இருந்தால் போதும், தீர்மானம் மாறிவிடும். தனி அறையில் தனி வைத்தியர் ஒருவர் அதனை அறியாதிருந்தால், அவரைத் திருத்துவதற்கு அங்கு எவரும் இல்லை.

மயக்க மருந்து நிபுணரின் கேள்வி வேறு. பல்லாண்டுகள் பாக்கு மென்றவர்களின் வாயின் உட்புறம் நார் நாராக இறுகி, இரு விரல் நுழையுமளவுக்குக்கூட வாய் திறக்காமற் போவதுண்டு. அப்படிப்பட்டவருக்குச் சுவாசக் குழாய் செலுத்துவது எப்படி என்பதைச் சத்திரசிகிச்சை தினத்தன்று காலையில் யோசிக்க முடியாது.

பல் வைத்தியரை இக்கூட்டத்துக்கு அழைப்பது எதற்காக என்று வாசகர் கேட்கலாம். எமக்கும் இவ்விடயத்தை முதன்முதலாக அறிந்தபோது வியப்பே ஏற்பட்டது. கீழ்த்தாடைக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தபின் சொத்தைப் பல்லைப் பிடுங்கினால், அந்தக் காயம் ஆறாது தாடை எலும்பே மடிந்துபோகக்கூடிய ஆபத்து உண்டு. ஆகவே பிடுங்க வேண்டிய பற்களைக் கதிர்வீச்சு ஆரம்பிப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே பிடுங்கிக் காயம் ஆற விடவேண்டும். இந்த வரிசை தவறினால், நோயைக் குணப்படுத்திய பின்னரும் நோயாளி வருடக்கணக்கில் வேதனைப்படுவார். யார் கெட்டிக்காரர் என்பதல்ல இங்கு பிரச்சினை; எது முன்னர், எது பின்னர் என்பதே.

சத்திரசிகிச்சை முடிந்த பின்னர் அதே நோயாளியின் பெயர் மீண்டும் மேசைக்கு வரவேண்டும். அகற்றப்பட்ட திசுவின் ஓரங்கள் சுத்தமாக உள்ளனவா, கணுவின் உறையைக் கிழித்துக்கொண்டு நோய் வெளியேறியிருக்கின்றதா என்பதை நோயியல் அறிக்கை சொல்லும். இவை இரண்டிலொன்று பாதகமாயின் கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது பலன் தரும் என்பதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2004 இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின. ஆனால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தை வாட்டும் மருந்து. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் கிராந்துருகோட்டை முதலான இடங்களில் பரவியுள்ள ஊவா மாகாணத்தில் இதனைக் கூடுதல் அவதானத்துடன் நோக்க வேண்டியுள்ளது. கதிர்வீச்சோ வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் ஆறு வாரங்களுக்கு மேல் இடைவிடாது நடைபெற வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய ஆறு வாரங்களுக்குள் அது ஆரம்பமாகிவிட வேண்டும். தாமதம் நோய்க்கே சாதகம்.

இதுவரை சொன்னவை யாவும் மருத்துவ விடயங்கள். மேசையில் வைக்கப்படாத விடயங்களும் உண்டு. அவற்றைப் பற்றியே நாம் அதிகம் கவலை கொள்கின்றோம்.

குழுக்கூட்டத்தின் தீர்மானங்கள் எல்லாம் நிறைவேறுவதில்லை. உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய் தொடர்பாகப் பிரிட்டனில் நடந்த ஆய்வொன்று 2006 இல் வெளியானது. அதன்படி குழுவின் தீர்மானங்களில் சுமார் 15 வீதமானவை நடைமுறைக்கு வரவில்லை. பிரதான காரணங்கள் இரண்டு: நோயாளிக்கிருந்த வேறு நோய்களைக் குழு அறிந்திருக்கவில்லை, நோயாளியின் விருப்பத்தையும் அறிந்திருக்கவில்லை. வசதிகள் மிகுந்த நாட்டிலேயே இந்நிலையாயின் எமது நிலையை ஊகிக்கலாம். ஆறு வாரக் கதிர்வீச்சு என்று தாளில் எழுதுவது ஒரு வரி. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது ஆறு வாரச் சம்பள இழப்பு. துணைக்கு நிற்கும் மகளுக்கும் அதே இழப்பு. தங்குமிடம், சாப்பாடு, பஸ் கட்டணம் வேறு. மஹரகமவில் வெளியூர் நோயாளிகளுக்கெனத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்கள் உள்ளன. அத்தகவலே பலருக்குப் போய்ச் சேர்வதில்லை. மூன்றாம் வாரத்தில் வாய் புண்ணாகி, விழுங்க முடியாமல், பணமும் தீர்ந்து ஒருவர் லயத்துக்குத் திரும்பிவிட்டால், கோப்பில் 'நோயாளி வரவில்லை' என்று எழுதப்படும். அவர் வரவில்லை என்பது உண்மை. அது முழு உண்மையல்ல.

மொழியும் அவ்வாறே. கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கின்றது, வாட்டில் பேச்சு சிங்களத்தில், நோயாளியின் மொழி தமிழ். நாக்கின் பாதியை அகற்றப்போகின்றோம் என்னும் செய்தியைப் பக்கத்துக் கட்டில்காரர் அரைகுறையாக மொழிபெயர்த்துச் சொல்ல, ஒருவர் சம்மதப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பதைச் சம்மதம் என்று அழைக்கலாமா? நிபுணர் பத்துப் பேர் கூடி எடுத்த சிறந்த தீர்மானமும் இந்த இடத்தில் வந்து இடறி விழுந்துவிடுகின்றது.

குடும்பத்தினரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. நோயின் பெயரை நோயாளியிடம் மறைப்பது எமது சமூகங்களில் அன்பின் வெளிப்பாடாகவே கருதப்படுகின்றது. ஆனால் தனக்கு என்ன நோய் என்றே அறியாதவரிடம் எந்தச் சிகிச்சையை விரும்புகின்றீர் என்று எவரும் கேட்க முடியாதே! மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு ஆண் வைத்தியரிடம் காட்டக் கூசி மாதக்கணக்கில் தள்ளிப்போடும் சகோதரிகள் வெலிமடையிலும் இருக்கின்றார்கள், பண்டாரவளையிலும் இருக்கின்றார்கள். பெண் வைத்தியரோ தாதியோ உடனிருக்க வேண்டுமென்று கேட்பதற்கு அவர்களுக்கு உரிமையுண்டு. ரமழானில் மருந்தேற்றத் திகதி வந்தால் நோன்பைப் பற்றி வைத்தியரிடம் சொல்லாமலே திகதியைத் தவறவிடுவோரும் உண்டு. நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருப்பதை அறியாதோர் இல்லை. ஆயினும் நோன்பை விடுவது மனதுக்குக் கடினம். அதனை முன்கூட்டியே எடுத்துச் சொன்னால் திகதியையும் மருந்து வேளையையும் எவ்வளவு தூரம் மாற்றலாம் என்பதைக் குழுவே ஆலோசிக்கும்.

தமிழகத்தில் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 ஆம் ஆண்டு 12 கட்டில்களுடன் ஆரம்பமான அடையாறு புற்றுநோய் நிலையம், கதிர்வீச்சையும் மருந்தையும் இணைத்துக் கொடுக்கும் முறையில் இந்தியாவின் முன்னோடிகளுள் ஒன்றாகத் திகழ்ந்தது. டொக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 2021 இல் காலமான டொக்டர் சாந்தாவும் அங்கு தம் வாழ்நாளையே செலவிட்டனர். பிற்காலத்தில், 2012 இல் உருவான இந்தியத் தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, தூரத்து ஊர்களின் வைத்தியர்கள் தமது சிக்கலான நோயாளிகளைப் பற்றிக் காணொளி மூலம் பெருநகர நிபுணர்களுடன் கலந்தாலோசிக்க வழிசெய்தது. நோயாளி ஊரிலேயே இருக்க, அவரது படங்களும் அறிக்கைகளும் மாத்திரம் பயணம் செய்கின்றன.

எமது நாட்டிலும் பெரிய வைத்தியசாலைகளில் இத்தகைய கூட்டங்கள் நடைபெறுகின்றன. பதுளை போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. பதுளையிலிருந்து மஹரகம மேசைக்கு ஒரு திரை வழியே இணைவதற்குக் கோடிகள் தேவையில்லை. இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மஹரகம வைத்தியசாலைக்கு 'பெட்' ஸ்கேன் இயந்திரம் ஒன்றை வாங்குவதற்காகக் கதீஜா அறக்கட்டளை 2016 இல் நிதி திரட்டியபோது, இன மத பேதமின்றி மக்கள் கோடிக்கணக்கில் அள்ளிக் கொடுத்தார்கள். இயந்திரம் கண்ணுக்குத் தெரிவது, பெயர்ப்பலகை பொருத்தலாம். வாரத்தில் ஒரு மணிநேரம் பத்து நிபுணர்கள் ஒன்றாக அமர்வதற்கும், அதற்கு முன் கோப்புகளைத் திரட்டி வைக்கும் ஓர் இணைப்பாளருக்கும் எவரும் உண்டியல் குலுக்குவதில்லை.

டொக்டர் சமன் வர்ணகுலசூரியவும் அவரது சகாக்களும் இலங்கையில் நடத்தி, 1984 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று இன்றும் வாசிக்கத் தக்கது. ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து ஏறத்தாழ முப்பதாயிரம் பேரின் வாய்களைப் பரிசோதித்தனர். அவ்வூழியர்களின் கண் பெரும்பாலும் தவறவில்லை. ஆனால் சந்தேகத்துக்குரிய அடையாளங்களுடன் மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரே அங்கு சென்றார்கள். நான்கு தசாப்தங்களுக்கு முன்னரே எமக்குக் கிடைத்த செய்தி இது. நோயைக் கண்டுபிடிப்பவருக்கும் தீர்மானிப்பவருக்கும் இடையிலுள்ள வீதியிலேயே நாம் நோயாளிகளை இழக்கின்றோம்.

கொஸ்லந்தவாசிகளுக்கு இது புதிய பாடமுமல்ல. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியபோது, அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்த செய்தி வெளியானது. அறிந்தவர் ஓரிடத்தில் இருந்தார், தீர்மானிக்க வேண்டியவர் வேறிடத்தில் இருந்தார், அங்கு வாழ்ந்தவர் எந்த இடத்திலும் இருக்கவில்லை.

எனவே பதுளையிலும் மஹரகமவிலும் கூடும் குழுக்களின் முன்னால் வைக்கப்படும் கோப்பில், ஸ்கேன் அறிக்கைக்கு அருகே மேலும் ஒரு தாள் இருக்கவேண்டுமென்று நாம் கேட்கின்றோம். நோயாளியின் மொழி எது, துணைக்கு யார் வருவார், எங்கு தங்குவார், ஆறு வாரம் தாக்குப்பிடிக்க வழி என்ன, அவர் எதை விரும்புகின்றார், எதற்கு அஞ்சுகின்றார் என்பவற்றை அத்தாள் சொல்லவேண்டும். அதனை எழுதுவதற்கு நிபுணர் தேவையில்லை. தோட்டத்து வைத்திய உதவியாளரோ குடும்ப நல உத்தியோகத்தரோ அரை மணிநேரத்தில் தமிழில் விசாரித்து எழுதிவிடலாம். தீர்மானம் எடுக்கப்பட்டபின் அது தமிழில் ஒரு பக்கத்தில் நோயாளியின் கையிலும் கொடுக்கப்பட வேண்டும். அவர் அடுத்து எந்த வைத்தியசாலையின் வாசலில் நின்றாலும், அங்கிருப்பவர் முதலிலிருந்து விசாரிக்கத் தொடங்காதிருக்க அது உதவும்.

அதுவரையில், சிகிச்சைக்காகச் செல்வோர் தமது வைத்தியரிடம் மரியாதையுடன் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. "எனது நோயைப் பற்றி எல்லா டொக்டர்மாரும் சேர்ந்து பேசினீர்களா? என்ன முடிவு செய்தீர்கள்? வேறு வழி ஏதும் பேசப்பட்டதா? கரண்ட் பிடிப்பதற்கு முன் பல்லைக் காட்ட வேண்டுமா?" இவ்வாறு கேட்பதால் எந்த நல்ல வைத்தியரும் கோபங்கொள்ள மாட்டார். பழைய துண்டுகள், எக்ஸ்ரே படங்கள், குடித்துவரும் மருந்துகள் அனைத்தையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையொன்று உடன் வருமாயின் இன்னும் நல்லது. கொழும்பு பஸ் பெரகலைச் சந்தியைக் கடப்பதற்குள் அந்தப் பை மடியில் இருக்கின்றதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.